நான்காம் பூச்சு

தபாற்கந்தோரை
எந்த ஆண்டுக்குத் திருப்புவது என்று
கடிதத்தில் எழுதியிருந்தார்கள்:
கட்டிய ஆண்டுக்கு.
கட்டிய ஆண்டு ஒருவருக்கும் தெரியாது.
முகப்பு இலக்கத்தில் பதினெட்டு மட்டும் மிச்சம்,
மற்ற இரண்டையும் ஷெல் கொண்டுபோயிருந்தது.

ஆகவே நான் அளந்தேன்.
முருகைக்கல் சுவர், இரண்டடி இரண்டங்குலம்.
தீராந்தி பதினொன்று,
கறையான் விட்டுவைத்தது நாலு.
கிழக்குச் சுவரில் ஒரு வாசல்,
வரைபடத்தில் இல்லாதது,
நிலையில்லை, படியில்லை,
அலவாங்கால் குத்தித் திறந்தது.
அளவைப் புத்தகத்தில் எழுதினேன்:
பிற்காலத் துளை. அடைக்கவும்.

சுண்ணாம்பு நீறி ஆறுவதற்கு மூன்று மாதம் கேட்டார்
நீக்கிலாப்பிள்ளை மேசன்.
கொழும்பு மூன்று கிழமை தந்தது.
சீமெந்து போட்டால் என்ன என்று ஒரு தொலைபேசி.
ஊர்காவற்றுறை உப்புக் காத்து, ஐயா,
சுவர் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்றேன்.
சுவர் சாகுமோ என்று சிரித்தது குரல்.

தந்தி அறையில்தான் பிரச்சினை.
வெள்ளை அடித்தோம். காய்ந்தது.
விடிய வந்து பார்த்தால்
ஆளுயரத்துக்கு மஞ்சள்,
ஊறிய தேயிலைச் சாயம்போல.
இரண்டாம் பூச்சு. மஞ்சள்.
மூன்றாவதில் மேசன் கடுக்காய்த் தண்ணி சேர்த்தார்,
கெட்ட வார்த்தையும் ஒன்று சேர்த்தார்.
காரைநகர்ப் பாதைக்குக் காத்திருந்த சனம்
யன்னலால் எட்டிப் பார்த்து
ஈரம் என்றது, உப்பு என்றது,
ஒருத்தர் பேய் என்றார்.

சாந்துத் தாச்சியோடு வந்த கொறற்றி
தாச்சியை இறக்காமலே சொன்னாள்:
"உது எங்கட புகை, மிஸ்."

இடம்பெயர்ந்து திரும்பியபோது வீடு இல்லை.
இந்த அறையில் ஏழு வருசம்.
தந்தி மேசை இருந்த மூலையில் அடுப்பு,
நனைந்த பனைமட்டை,
கரையொதுங்கிய வள்ளப் பலகை.
வாசல் அப்பர் குத்தியது.
முன்பக்கம் சென்றி.
கிணற்றடிக்குப் போக வேறு வழியில்லை.

அன்றிரவு உத்தியோக மொழியில்
ஒரு பந்தி எழுதினேன்:
இக்கறையை இவ்வாறே பேணலாம்,
மேலே கண்ணாடி, கீழே ஒரு குறிப்பு.
மூன்று தரம் திருத்தினேன்.
எனக்கே கண் கலங்கியது.

விடிய அவளிடம் கொடுத்தேன்.
நின்றபடி வாசித்தாள்,
விரல் வைத்த இடமெல்லாம் தாள் வெளுத்தது.
"கண்ணாடியோ? உதுக்கோ?
ஊதி ஊதி அம்மான்ர நெஞ்சு போனது உதாலை.
சுரண்டி எறியுங்கோ மிஸ்.
நானே சுரண்டுறன்,
கூலியைக் கொஞ்சம் கூட்டித் தாங்கோ."

முன்னூறு கூட்டினேன்.
மூக்கில் துணி கட்டி
இரண்டு நாள் சுரண்டினாள்.
கரி, அதற்குள் பழைய சாந்து,
அதற்குள் கல்,
கல்லுக்குள் பூப்பூவாய்ச் செத்த கடல்.
புதுச் சாந்து பிடித்தது.
நான்காம் பூச்சு நின்றது.
வாசல் அடைக்கவும் அவள்தான் கல் எடுத்துக் கொடுத்தாள்.
கடைசிக் கல்லில் ஏதாவது சொல்வாள் என்று
பக்கத்தில் நின்றேன்.
மத்தியானச் சோறு வந்துவிட்டதோ என்று கேட்டாள்.

திறப்பு விழா பற்றி எழுத ஒன்றுமில்லை.
நாடா வெட்டினார்கள். வடை மிஞ்சியது.

அடுத்த மாதம், முதியோர் காசு கொடுக்கும் நாள்.
கொடுப்பனவு இப்போது தந்தி அறையில்.
கடைசிப் பில்லுக்குக் கையெழுத்து வாங்க
நானும் ஓரமாய் இருந்தேன்.
வரிசையில் அக்னேசம்மா, கொறற்றியின் தாய்.
காசை இரண்டு தரம் எண்ணினாள்,
பின்னால் நின்றவளோடு
மீன்விலை கதைத்தபடியே திரும்பி
கிழக்கே நடந்தாள்,
வெள்ளைச் சுவரில் உள்ளங்கை மோத
நின்றாள்.

கையைத் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை.
"அடைச்சுப் போட்டாங்கள்," என்றாள், சுவருக்குத்தான்,
"இனிச் சாரல் அடியாது."

பிறகு முன்வாசலால் இறங்கிப் போனாள்.
சென்றி இருந்த இடத்தில் இப்போது
வெறும் நிலம்.
அதை வளைத்துக்கொண்டு போனாள்.